தப்புக்குழம்பு

எங்கள் கோரைக்காட்டுப்புதூரில் மனிதர்கள் நாலாயிரம் பேர் இருந்தோம், கோழிகள் முப்பது லட்சம் இருந்தன, சேவல் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. நாட்டுக்கோழியால் பண்ணைக்கு நோய் வரும் என்று பண்ணைக்காரர்கள் வீடு வீடாக வந்து கேட்டுக்கொண்டதில், தெருவில் மேய்ந்துகொண்டிருந்த நாலைந்தையும் நாங்களே அடித்துத் தின்றுவிட்டோம். அதற்கப்புறம் எங்கள் பிள்ளைகள் சேவலைப் பாடப் புத்தகத்திலும் முருகன் கோயில் கொடியிலும்தான் பார்த்தார்கள். பொழுது விடிந்ததை எங்களுக்குச் சொன்னது முட்டை லாரிகளின் ஹாரன்.

முட்டைக்காகக் கோழி வளர்க்கிற ஊரில் சேவலுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. ஆகையால் ஓட்டை உடைத்து வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சைக் கையிலெடுத்து, ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரித்துவிட வேண்டும். ஒரு நாள் குஞ்சில் என்ன தெரியும்? எல்லாம் ஒரே மஞ்சள், எல்லாம் ஒரே கீச்சு. றெக்கையைப் பார், தலைகீழாகத் தூக்கிப் பார், முட்டை கூர்மையாக இருந்ததா என்று பார் என்று ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்வார்கள், அதையெல்லாம் நம்பிப் பண்ணை வைத்தவன் பண்ணையை விற்றுவிட்டுப் போயிருப்பான். அந்த வேலைக்கென்றே எங்கள் ஊரில் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் எட்டுப் பெண்கள் ஒரு நீள மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் கண் கூசுகிற ஒரு பல்பு, வலது பக்கம் ஒரு பெட்டி, இடது பக்கம் கீழே ஒரு நீல டிரம். குஞ்சை எடுப்பார்கள், கட்டைவிரலால் வயிற்றை அழுத்தி எச்சத்தைப் பீய்ச்சிவிட்டு, பின்பக்கத்தை மலர்த்தி வெளிச்சத்தில் காட்டுவார்கள். அங்கே கடுகில் பாதியளவு ஒரு மொட்டு இருந்தால் சேவல், டிரம்முக்கு. இல்லாவிட்டால் பெட்டை, பெட்டிக்கு. ஒரு மூச்சை இழுத்து விடுவதற்குள் ஒரு குஞ்சின் கதை முடிவாகிவிடும்.

இதைச் சொல்கிற நான் அந்த ஹேச்சரியில் பத்தொன்பது வருஷம் வேன் ஓட்டியவன். பெட்டிகளைப் பண்ணைகளுக்குக் கொண்டுபோனதும் நான்தான், டிரம்களை ஊருக்கு வெளியே கொண்டுபோனதும் நான்தான். டிரம்மைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை, நானும் இதற்கு மேல் பேசப் போவதில்லை.

அந்த மேசைக்கு ஒரு சட்டமும் ஒரு வழக்கமும் இருந்தன. சட்டம் இதுதான்: இங்கே இரண்டே சொல், சேவல், பெட்டை. மூன்றாவதாக 'தெரியலை' என்று எவளாவது வாயைத் திறந்துவிட்டால், அப்போதே ஸ்டூலை விட்டு எழுந்துகொள்ள வேண்டும், மறுபடி உட்கார முடியாது. ஒரு தடவை கண்ணுக்குள் சந்தேகம் புகுந்தால் அப்புறம் ஒரு குஞ்சையும் பிரிக்க வராது என்பார்கள். வழக்கம் அப்படிக் கடுமையானது இல்லை. யானைக்கும் அடி சறுக்கும், ஆயிரக்கணக்கில் பார்க்கிற கண்ணும் சறுக்கும். பெட்டை என்று அனுப்பிய குஞ்சு நாலு மாசம் கழித்துக் கொண்டையும் தாடியுமாக நின்றால், பண்ணைக்காரர் அதைத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொருத்தியின் பெட்டிக்கும் ஒரு நிறத்தில் சீட்டு உண்டு, அதனால் யார் தப்பு என்பது தெரிந்துவிடும். தப்புச் செய்தவள் அந்தச் சேவலைக் கூடையில் மூடி வீட்டுக்குக் கொண்டுபோய், விடிந்து கூவுவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்து, வேலை இல்லாத திங்கட்கிழமை எட்டுப் பேருக்கும் கொண்டுவந்து பரிமாற வேண்டும். அதற்குத் தப்புக்குழம்பு என்று பெயர்.

தப்புச் செய்தவளுக்குக் கழுத்துத் துண்டு. "கழுத்து யாருக்கு? கண்ணவிஞ்சவளுக்கு!" என்று மற்ற ஏழு பேரும் தட்டைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். கழுத்தைக் கடித்துக்கொண்டு அவள்தான் முதலில் மனசைத் திறக்க வேண்டும், புருஷன் குடித்துவிட்டு வந்ததையோ, மகள் பேசாமல் இருப்பதையோ, தனக்கு மாரில் ஒரு கட்டி இருப்பதையோ சொல்ல வேண்டும். அவள் ஆரம்பித்தால் மற்றவர்களும் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், அழுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள். வேனைக் கழுவிக்கொண்டே நான் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன், எங்கள் ஊரில் வேறு எங்கேயும் பெண்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பாவாயி அந்த மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள், இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்புக்கூடச் செய்யாதவள். அவளுடைய பச்சைச் சீட்டுப் பெட்டி என்றால் பண்ணைக்காரர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மேசையில் அவளுக்கு எல்லா மரியாதையும் உண்டு. குழம்பு வந்தால் தொடைத் துண்டை எடுத்து முதலில் அவளுக்குத்தான் வைப்பார்கள். "அக்காவுக்கென்ன, தெய்வக்கண்ணு" என்பாள் பக்கத்து ஸ்டூல் தவமணி. ஆனால் தப்பே செய்யாதவளிடம் யார் மனசை விட்டுப் பேசுவார்கள்? அவள் பக்கத்தில் வந்ததும் பேச்சு குறையும். தப்புச் செய்தவள்தான் முதலில் பேச வேண்டும் என்பதால் அவளுடைய முறை வரவே இல்லை, தொடைத் துண்டைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

சொல்ல அவளிடம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் முட்டை லாரி ஓட்டியவன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் திருச்சூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கேயே ஒரு வீட்டில் இருக்கிறான் என்பது முட்டை லாரி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒற்றை அறை ஓட்டு வீட்டில் ஒரு அடுப்பும் ஒரு பாயுமாக இருந்தாள்.

அந்த ஐப்பசியில் அத்தியப்பன் என்கிற பண்ணைக்காரர் மேனேஜர் லோகநாதனுக்குப் போன் பண்ணி, "சார், பச்சைச் சீட்டுப் பெட்டியில வந்த ஒண்ணு கூவுதுங்க" என்றார். லோகநாதன், "எட்டுல பச்சையத் தவிர வேற எதுன்னாலும் சொல்லுங்க, நம்பறேன்" என்றார். அத்தியப்பன் போனைக் கூண்டுக்கு நேராக நீட்டினார், அது கூவியது. நான் வேனை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவந்தேன், பதிலுக்கு இரண்டு பெட்டைக் கோழி கொடுத்துவிட்டு. வெள்ளை வெளேரென்று, கொண்டை சிவந்து, வால் வளைந்து, சந்தேகத்துக்கு இடமே இல்லாத சேவல்.

அதை மேசைமேல் வைத்தபோது எட்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தன. ஏழு பேரும் கையிலிருந்த குஞ்சைக் கீழே வைத்தார்கள். அப்புறம் தவமணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அடியாத்தீ, பாவாயிக்காவுக்குக் கண்ணவிஞ்சு போச்சு!" என்று அவள் கத்த, ஏழு பேரும் மேசையைத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். பாவாயி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வெட்கப்பட்டாள். முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சிரித்துவிட்டாள், அவளுடைய பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் பாவாயி எங்கள் வீட்டுக்கு வந்து, பெரிய சட்டி ஒன்று இரவல் கேட்டாள். என் வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றவள், "எட்டுப் பேருக்குன்னா உப்பு எவ்வளவு போடறதுங்க?" என்று கேட்டாள். ஒருத்திக்கே பதினாலு வருஷம் போட்டுப் பழகிய கைக்கு அது தெரியவில்லை. என் வீட்டுக்காரி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள், பாவாயி தன் கையையும் அதே மாதிரி குவித்துப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வீட்டில் அம்மி ஓடியது. சின்ன வெங்காயம், மல்லி, மிளகு, தேங்காய் என்று அரைத்து வழித்து வைத்த வாசனை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வந்தது. ஹேச்சரி இருட்டறையில் அடைத்திருந்த சேவலை ராத்திரிதான் கொண்டுவந்து கூடையில் கவிழ்த்தாள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் அந்தச் சேவல் கூவியது. ஊர் முழுக்கக் கேட்டது. நாய்கள் குரைத்தன, பிள்ளைகள் எழுந்து அழுதார்கள், ரிட்டயர் ஆன போஸ்ட்மாஸ்டர் போலீசுக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்ததாக அப்புறம் சொன்னார். ஊரைச் சுற்றியிருந்த பண்ணைகளில் முப்பது லட்சம் கோழிகளும் தீனியிலிருந்து தலையைத் தூக்கி, ஒரு நிமிஷம் சத்தமே இல்லாமல் நின்றன. பாவாயி அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து, கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கினாள். சேவல் எழுந்து நகர்ந்து நின்றது. அது உட்கார்ந்திருந்த இடத்தில், இன்னும் சூடு ஆறாமல், ஒரு முட்டை இருந்தது.

அவள் வேறு கோழி எதுவும் புகுந்திருக்குமோ என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். எங்கள் ஊரில் தெருவில் மேய்கிற கோழி எங்கே இருந்தது? அரிவாளைத் திரும்ப மாட்டினாள். அரைத்த மசாலாவைக் கிண்ணத்தில் மூடி வைத்தாள். சேவலை ஒரு கக்கத்திலும் முட்டையை ஒரு கையிலுமாக எடுத்துக்கொண்டு ஹேச்சரிக்கு வந்தாள்.

ஏழு பேரும் வெறும் சோறு மட்டும் கட்டிக்கொண்டு வந்து, குழம்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். "முட்டை போட்டுருச்சு" என்றாள் பாவாயி. தவமணி முட்டையை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள், சேவலின் கொண்டையைப் பிடித்துப் பார்த்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் இரண்டு பேர் அவள் வீட்டில் காவல் உட்கார்ந்து, அது கூவுவதையும் முட்டையிடுவதையும் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமையே மேசைக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அப்ப இதுவும் தப்பில்லைதான்" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். சொல்லிவிட்டு அவரவர் சோற்றை எடுத்துக்கொண்டு, ஊறுகாய் கடன் வாங்கித் தின்றார்கள். பாவாயி சேவலைப் பிடித்துக்கொண்டு மேசை ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சேவல் முட்டையிட்டால் ஒரு ஊர் என்ன செய்யும்? முதல் வாரம் வாயைப் பிளந்தது. இரண்டாவது வாரம் தெருவுக்குத் தெரு தகராறு செய்தது. மூன்றாவது வாரம் பழகிப்போய்விட்டது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, கொண்டைக்கு ஒரு நோட்டிலும் முட்டைக்கு ஒரு நோட்டிலும் எழுதிக்கொண்டு, இரண்டுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டுப் போனார். முருகன் கோயில் பூசாரி அதைக் கோயிலுக்கு விட வேண்டும் என்றார், முட்டையிடுவதைக் கோயிலில் எப்படி வைப்பது என்று மற்றவர்கள் கேட்டதும் யோசித்துச் சொல்வதாகப் போனவர் திரும்பி வரவில்லை. பிள்ளை இல்லாதவர்கள் அந்த முட்டையைக் கேட்டு வந்தார்கள், பிள்ளை அதிகமானவர்களும் வந்தார்கள். இருமலுக்கு நல்லது என்றார்கள், கண் திருஷ்டிக்கு நல்லது என்றார்கள். நானும் ஒன்று வாங்கிப் பொரித்துத் தின்றேன். முட்டை, முட்டை மாதிரிதான் இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் அலாரத்தை எடுத்துப் பரணில் போட்டார். லாரிக்காரர்கள் கூவலுக்குப் பிறகுதான் ஹாரன் அடித்தார்கள். சேவல் ஏன் முட்டையிடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் சீக்கிரம் ஓய்ந்துபோனார்கள், ஏனென்றால் டீக்கடை நாச்சிமுத்து எல்லாருக்குமாக விடை சொல்லிவிட்டார். "பாவாயி வாயால பெட்டைன்னு சொல்லிப்புட்டா. இருபத்திரண்டு வருசத்துப் பேரு. அவ பேச்சு பொய்யாகக் கூடாதுன்னு அது பாவம் முக்கி முக்கிப் போடுது." நன்றியுள்ள பிராணி என்று ஊர் ஒத்துக்கொண்டது. அப்புறம் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பாவாயிக்கு மட்டும் எல்லாம் முன்னைவிட மோசமாயிற்று. சேவலே முட்டையிட்டுக் காப்பாற்றுகிற கண்ணுக்குப் பக்கத்தில் உட்கார மேசையில் பயந்தார்கள். தவமணியின் ஸ்டூல் ஒரு முழம் நகர்ந்துபோயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சேவல் வாசலில் நிற்கும். அவள் அதற்குப் பழைய சோறு போடுவாள், அது தின்னும், அவள் தின்பாள். ராத்திரி அது அவள் பாயின் தலைமாட்டில் ஒடுங்கிக்கொள்ளும். ஒரு நாள் வழியில் என்னிடம், "ராத்திரி முழிப்பு வந்தா இன்னொரு மூச்சு கேக்குதுங்க தம்பி" என்றாள். அதை ஒரு பெரிய செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

கார்த்திகை முடியப்போகிற சமயம் அத்தியப்பன் ஹேச்சரிக்கு வந்து நின்றார். "முட்டை போடுதுன்னா அது பெட்டை. பெட்டைன்னா நான் வாங்கின பெட்டியில வந்த என்ற சொந்தக் கோழி. நீங்க பதிலுக்குக் குடுத்த ரெண்டையும் திருப்பிக் குடுத்தர்றேன், என்ற கோழியக் குடுங்க" என்றார். நியாயம்தான் என்று லோகநாதனுக்குப் பட்டது. தப்பில்லை என்று விட்டிருந்த மேசைப் பெண்கள், அது கையை விட்டே போகப்போகிறது என்றதும் எழுந்துவிட்டார்கள். "கூவறது எப்படிங்க பெட்டையாகும்? கூவினா சேவல், சேவல்னா தப்பு, தப்புன்னா குழம்பு. ரெண்டு மாசமாக் காத்துட்டிருக்கோம்" என்றாள் தவமணி.

லோகநாதன் நல்ல மனுஷர், எதையும் இழுத்தடிக்கத் தெரியாதவர். "இதுக்கு எதுக்கு பஞ்சாயத்து? பிரிக்கறவ இருக்கா, பல்பு இருக்கு. பாவாயி, நீயே பார்த்து ஒரு சொல் சொல்லிரும்மா. பெட்டைன்னா அவரோட கூண்டுக்குப் போகட்டும், சேவல்னா உங்க குழம்புக்குப் போகட்டும்" என்றார். எல்லாரும் அதற்குச் சம்மதித்தார்கள்.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் ஊரே ஹேச்சரி வாசலில் நின்றது. பாவாயி சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் தவமணி தன்னுடைய ஸ்டூலை ஒரு முழம் இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, காதோரமாகச் சொன்னாள்: "அக்கா, சேவல்னு சொல்லிரு. ஒரு சொல்லுதானே. மசாலாவ நான் அரைச்சுத் தாரேன். கழுத்து உனக்குத்தான். சொல்லிட்டு வந்து எங்ககூட உக்காரு." அவள் குரலில் கேலி இல்லை, கூப்பிடுகிற குரல்தான் அது. இருபத்திரண்டு வருஷத்தில் பாவாயியை அப்படி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பாவாயி பல்பைப் போட்டாள். சேவலைப் புரட்டி, மடியில் வைத்து, பத்து வயசுப் பிள்ளைக்குப் பேன் பார்க்கிறவள்போல நிதானமாகச் சிறகை ஒதுக்கி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். ஒரு மூச்சில் சொல்கிறவள் நூறு மூச்சு எடுத்துக்கொண்டாள். அது துள்ளவில்லை, கழுத்தை அவள் முழங்கையில் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவளுக்கு எதிரே நின்றேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பட்டது. அவள் தவமணியைப் பார்த்தாள், அத்தியப்பனைப் பார்த்தாள், அப்புறம் சேவலை நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறகைத் தடவிச் சரிசெய்தாள்.

"தெரியலீங்க சார்" என்றாள்.

லோகநாதனுக்குக் காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது. "நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. அவசரமில்லை."

"பார்த்துட்டனுங்க சார். தெரியலை."

எழுந்துகொள்ள வேண்டும் என்கிற சட்டத்தை யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. பாவாயியே பல்பை அணைத்தாள், ஸ்டூலை விட்டு எழுந்தாள், ஸ்டூலை மேசைக்கடியில் தள்ளிவைத்தாள். லோகநாதன் அத்தியப்பனிடம் மெதுவாக, "தெரியாததைக் கூண்டுலயும் போட முடியாது, சட்டியிலயும் போட முடியாது, விட்டுருங்க" என்றார். அத்தியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தவமணி தன் பல்பைப் போட்டு, முதல் குஞ்சை எடுத்தாள். நான் பாவாயியை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டேன், வழியெல்லாம் சேவல் அவள் மடியில் இருந்தது.

மறுநாள் அது கூவவில்லை, முட்டையும் இடவில்லை. போஸ்ட்மாஸ்டர் எட்டு மணி வரைக்கும் தூங்கினார், பள்ளிக்கூட வேன் பாதிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிற்று. வாரத்துக்குள் கொண்டை வெளுத்துச் சின்னதாகி, வால் தணிந்து, ஆணென்றும் பெண்ணென்றும் எவராலும் சொல்ல முடியாத ஒரு வெள்ளைப் பறவையாக அவள் வாசலில் உலாவியது. ஊர் இதற்கும் பழகியது. போஸ்ட்மாஸ்டர் பரணில் ஏறி அலாரத்தை எடுத்தார்.

பாவாயி ஒரு பண்ணையில் முட்டை பொறுக்கப் போனாள். வேலை போன முதல் திங்கட்கிழமை மேசையிலிருந்து நாலு பேர் அவள் வீட்டுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்து, பறவையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேர். அப்புறம் தவமணி மட்டும், ஒரு தூக்குப் பாத்திரத்தில் யாரோ செய்த தப்புக்குழம்பும் அதில் ஒரு கழுத்துத் துண்டுமாக வந்தாள். தைக்கு அப்புறம் அவளும் வரவில்லை, அவள் மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, வாரம் பூராவும் ஒளியைப் பார்த்த கண்ணுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு.

நான் எப்போதாவது போவேன். அந்தப் பக்கம் போகும்போது வேனை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தால் டீ போட்டுக் கொடுப்பாள். ஒரு நாள் என் வீட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கழுவித் துடைத்து எடுத்துவந்து வைத்தாள். அதில் ஒரு தடவைகூடக் குழம்பு வைத்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. எனக்கு மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க்கா, அன்னிக்கு நெசமாலுமே உங்களுக்குத் தெரியலையா?"

பறவை அவள் மடியில் இருந்தது. அவள் அதைத்தான் பார்த்தாள்.

"மொத நாளே தெரியும் தம்பி."

"மொத நாள்னா?"

"குஞ்சா என்ற கையில வந்த அன்னிக்கே. பளிச்சுனு தெரிஞ்சுது, சேவல்னு. இடது பக்கம் போட வேண்டியது. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு என்னமோ ஒரே ஒருக்கா நானும் ஒரு கழுத்துத் தின்னுட்டு, நாலு வார்த்தை பேசணும்னு ஆசை வந்திருச்சு. வலது பக்கம் வெச்சுட்டேன். நாலு மாசத்துல திரும்பி வரும், குழம்பு வெக்கலாம், எல்லாரும் பாடுவாங்கன்னு நெனச்சேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "தெரிஞ்சே பொய் சொன்னேன். அது அந்தப் பொய்யப் போயி நெசமாக்கிருச்சு. அப்பறம் எப்படி அதைச் சட்டியில போடறது, நீங்களே சொல்லுங்க."

அந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் ஏற்றிப்போன டிரம்களில் எத்தனை கழுத்துகள் இருந்தன என்று நினைத்துக்கொண்டேன்.

"தெரியலைன்னு சொன்னீங்க, அதையும் நெசமாக்கிருச்சு" என்றேன்.

"ஆமா. நான் என்ன சொன்னாலும் கேக்குது. அதனாலதான் அதுகிட்ட எதுவும் சொல்றதில்லை."

எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. அது நல்ல யோசனை என்றே நினைத்தேன். "அப்பறமென்னங்க்கா? இது சாகவே சாகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். உங்களுக்கும் எந்நாளும் தொணையா இருக்குமில்ல?"

பாவாயி கட்டைவிரலால் அதன் முதுகை நீவிக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வருஷம் வயிற்றை அழுத்திய கட்டைவிரல் அது. பறவை கண்ணை மூடிக்கொண்டது.

"வாய் வரைக்கும் வந்துதான் நின்னுச்சு தம்பி, பல நாளு" என்றாள். "அப்பறம் எனக்குப் பொறகு அது ஒண்டியாக் கெடக்குமே."

நான் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு டம்ளர்தான், நான் குடித்து முடித்தால்தான் அவள் குடிக்க முடியும்.